மிசன் வளவுகள் வழியே ஒரு வாரம்

திங்கள் – சங்கானை, வட்டுக்கோட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கிறிஸ்தவ மிசன் ஊழியர்கள் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து வேலைசெய்த இடங்களை ஒரு வாரத்தில் பார்க்கும் வழி இது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். ஏழு மணிக்கு முன்பே ஏறிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நெரிசல் தொடங்கிவிடும், பையோடு நிற்கவும் இடம் இராது. வட்டுக்கோட்டைக்கு நேரே போகாமல் முதலில் சங்கானையில் இறங்குங்கள். கூரையில்லாமல் நிற்கும் பழைய போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அடுத்து வருவது விளங்கும்.

சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். காரை பெயர்ந்த இடங்களில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், வெளியே தெரியும். கடலில் வளர்ந்தபோது இருந்த மடிப்பும் துளையும் கல்லில் அப்படியே இருக்கின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்தில் முழுதாக வேகாத சிப்பித் துண்டுகள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கடல் தந்ததையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதே கடலின் கல்லைக் கட்டியிருக்கிறார்கள். கூரை போன பிறகு இந்தச் சுவருக்கு எதிரி மழைத்தண்ணீர்தான். மேல்விளிம்பு வழியே இறங்கிச் சாந்தைக் கரைக்கும், அந்த வெடிப்பில் ஆலும் அரசும் வேர்விடும். சுவரில் ஏறவோ சாயவோ வேண்டாம். இது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம்.

1816இல் அமெரிக்க மிசன் தம்பதிகள் வந்து இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தவையும் இப்படிப்பட்ட கட்டடங்களே. 1815 ஒக்டோபரில் நியூபரிபோட் துறையிலிருந்து 'டிரையட்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. றிச்சட்ஸ், மெய்க்ஸ், பூவர், பார்ட்வெல் ஆகிய நான்கு தம்பதிகளும் மணமாகாத எட்வேட் வாரனும் அதில் இருந்தார்கள். 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார்கள். ஐந்து மாதக் கடல். பார்ட்வெல் தம்பதி பம்பாய்க்குப் போக, மற்றவர்களை ஆளுநர் பிரவுன்றிக் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். ஒல்லாந்தர் விட்டுப்போய்ப் பாழடைந்து கிடந்த தேவாலயங்களும் அவற்றை அடுத்த வீடுகளும் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

சங்கானையிலிருந்து மறுபடி பஸ் ஏறிச் சித்தன்கேணிச் சந்தியில் இறங்கினால், அங்கிருந்து ஓட்டோவில் சில நிமிடத்தில் வட்டுக்கோட்டை. யாழ்ப்பாணக் கல்லூரியும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயமும் ஒரே சூழலில் இருக்கின்றன. பாடசாலை நாளில் வாசலில் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. அதிபர் அலுவலகத்தில் பெயர் எழுதி, எதைப் பார்க்க வந்தோம் என்று சொன்னால் போதும். பாடசாலை விடுகிற நேரம் கழித்துப் போவது இன்னும் சுகம்.

1823இல் இங்கே தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி என்ற உயர்கல்வி நிலையத்தின் முதல் அதிபர் டானியல் பூவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கு படித்தவர்கள். ஓட்லி மண்டபம் அந்தக் காலத்தின் நினைவு. பிரதம நீதியரசர் ரிச்சட் ஓட்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த குழு செமினறியை மூட வைத்தது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்குத்தான் வழிகாட்டுகிறது, சுவிசேஷத்துக்கு அல்ல என்பது அவர்கள் கணக்கு. ஊரார் விடவில்லை, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அந்த மூடல் தவறான முடிவு என்பதே எங்கள் எண்ணம். அடுத்த பதினேழு வருட இடைவெளியில் ஒரு தலைமுறையே வேறு கதவுகளைத் தட்ட வேண்டியதாயிற்று.

விடுதி நடத்துவது லேசான வேலையாக இருக்கவில்லை. தொடக்கத்தில் பையன்கள் மிசன் வளவுக்குள் சாப்பிட மறுத்தார்கள். வளவுக்கு வெளியே தனிக் குசினி போட்டு, சைவச் சமையற்காரரை வைத்துத்தான் சோறு போட முடிந்தது. அரிசி அளப்பது, துணி தைப்பிப்பது, நோயாளிப் பிள்ளைக்குக் கஞ்சி வைப்பது என்று நாளாந்தம் தலையில் விழுந்த பொறுப்பு பெரும்பாலும் மனைவிமாருடையது. செமினறி வரலாற்றில் வரும் பெயர்களோ கணவன்மாருடையவை. இந்த வாரம் போகும் ஒவ்வோர் இடத்திலும் இதைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும்.

செவ்வாய் – பண்டத்தரிப்பு, தெல்லிப்பழை

இன்று சைக்கிள்தான் சரி. இரண்டு இடங்களையும் இணைக்கும் உள்வீதிகளில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தால் பாதி நாள் போய்விடும். வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது பிறேக்கையும் பின் ரியூப்பையும் பாருங்கள். கோடையில் ஒழுங்கை ஓரமெல்லாம் நெருஞ்சி. ஒரு முள் போதும், காற்று மெதுவாக இறங்கி அரை மணி கழித்தே தெரியவரும். முள் தைத்தால் அங்கேயே பிடுங்காமல் ஒட்டுக்கடை வரை உருட்டிக்கொண்டு போனால், துளை எங்கே என்று தேடத் தேவையில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கே போகும்போது எதிர்காற்று. ஆகவே காலையிலேயே பண்டத்தரிப்பை முடித்துக்கொண்டு, காற்று எழும்பிய பிறகு கிழக்கே தெல்லிப்பழைக்குத் திரும்பினால் காற்றே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர்.

பண்டத்தரிப்பில் 1820இல் குடியேறியவர்கள் ஜோன் ஸ்கடரும் ஹரியட் ஸ்கடரும். ஜோன், நியூயோர்க்கில் நன்றாக நடந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு வந்த டொக்டர். இவர்களுடைய மகன்மார் ஏழு பேர் பிறகு இந்தியாவில் மிசன் ஊழியர்களானார்கள். வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவர்களின் பேத்தி. இன்று பண்டத்தரிப்பில் பார்க்க அதிகம் இல்லை. இடத்தின் தூரத்தை உணர்வதே பயன். நகரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தால் நாலு மணித்தியாலம் பிடிக்கும். இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு மருந்து குறைந்தால் அடுத்த நாள்தான் கிடைக்கும்.

தெல்லிப்பழைக்கு ரயிலிலும் வரலாம். காங்கேசன்துறைப் பாதை 2015இல் மறுபடி திறந்தது. யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை 1816இல் வைத்து எண்ணுகிறது. போர்க் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தது. அதனால் பழைய படத்தை வைத்துக்கொண்டு கட்டடம் தேடுவது பலிக்காது. கிணறும் பெருமரமும் வீதியின் வளைவுமே அடையாளம். இராணுவ முகாம் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

பூவரும் வாரனும் வந்தபோது முதல் வேலை கூரை. பனைவளையில் சிலாகை அடித்து ஓலை வேய்ந்தார்கள். வளைக்கு முதிர்ந்த பனையின் வெளிப்புற வைரம் மட்டும்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சோற்றியைச் சேர்த்தால் கறையான் ஏறிவிடும். ஓலையைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னர். கிராமப் பள்ளிக்கூடங்களும் அதே மாதிரிதான். சாணி மெழுகிய தரை, அரைச்சுவர், ஓலைக்கூரை. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை பிறகு ஓலையில் எழுத்தாணி பிடிக்கும். ஊர் ஆசிரியர்கள் ஏற்கெனவே நடத்திவந்த திண்ணைப் பள்ளியின் முறையைத்தான் மிசனும் எடுத்துக்கொண்டது.

வாரன் நோயாளியாகி 1818இல் கேப்டவுணில் இறந்தார். சூசன் பூவர் 1821இல் தெல்லிப்பழையில் காலமானார். ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இல். வந்து ஆறு வருடத்துக்குள் முதற்குழு பாதியாகிவிட்டது. இதற்கிடையில் 1820இல் அப்போது இலங்கையை ஆண்ட எட்வேட் பார்ண்ஸின் அரசாங்கம் மேலும் அமெரிக்கர் வரக்கூடாது என்று தடுத்தது. அச்சுக்கூடம் நடத்த வந்த ஜேம்ஸ் கறற் திரும்ப வேண்டியதாயிற்று. தடை தளர 1833 ஆனது. இந்தப் பதின்மூன்று வருடம் ஆள் வரத்து இல்லாததால்தான் உள்ளூர் ஆசிரியர்களையும் போதகர்களையும் பயிற்றுவிப்பதில் இவ்வளவு மும்முரம் வந்தது என்று நினைக்கிறோம்.

புதன் – மானிப்பாய்

கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்னும் நோயாளர் வரும் இடம். சுற்றிப்பார்க்கும் இடமாக நினைத்துப் போகவேண்டாம். வாசலில் அனுமதி கேளுங்கள், நோயாளரைப் படம் எடுக்காதீர்கள்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் தனியாளாக வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1857இல் அமெரிக்கா திரும்பி, 1862இல் மார்கரெற் வில்லியம்ஸை மணந்து அவரோடு மறுபடி வந்தார். 1873 வரை இருவரும் இங்கே. இரண்டாம் முறை வந்தபின் அவர் எடுத்த முடிவுதான் பெரியது. மேல்நாட்டு மருத்துவத்தை முழுக்கத் தமிழில் படிப்பிப்பது. ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்கச் சம்பளம் தேடி ஊரைவிட்டுப் போவார், தமிழில் படித்தவர் தன் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பார் என்று அவர் கண்டார்.

அதற்குப் புத்தகம் வேண்டும். 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது, 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' இரண்டும் 1872இல், 'கெமிஸ்தம்' 1875இல். அவர் அமெரிக்கா போன பிறகும் வேலை நிற்கவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் அச்சேறியது, 1884இல் அவர் இறந்தார். மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் திருத்துவார். கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடுவார்கள், பிறகு சமஸ்கிருதத்தில், அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார்கள். மாணவர்கள் வேட்டி சால்வையோடும் தங்கள் சாப்பாட்டு வழக்கத்தோடும் இருக்கட்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இவரிடம் வைத்தியர்களானார்கள். தமிழில் மருத்துவம் முடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு மானிப்பாயைத்தான் காட்ட வேண்டும்.

மானிப்பாய் அச்சகம் 1834இல் தொடங்கியது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' பத்திரிகை வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்திகள். ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஆசிரியர்கள். இருவரும் செமினறியில் படித்த தமிழர். பெயர்தான் அமெரிக்கர் பெயர். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர் தமக்குப் பிடித்த பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம் என்பது அக்கால ஏற்பாடு. பழைய பதிவேட்டில் அமெரிக்கப் பெயரைக் கண்டவுடன் அமெரிக்கர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

டானியல் பூவர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயிலேயே வாந்திபேதியில் இறந்தார். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். மழைத்தண்ணீர் மண்ணில் வடிந்து இறங்குவதற்குப் பதிலாக வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடும், மேலே கிடந்த அழுக்கும் அதோடு போகும். வாந்திபேதி மழையோடு வேகமாகப் பரவியதற்கு இது ஒரு முக்கிய காரணம். இன்றும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான், அதனால் கேடு இல்லை.

வியாழன் – இணுவில்

குறுகிய நாள். இணுவில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் பெண்களுக்கென்று தொடங்கியது. அதற்குப் பணம் சேர்த்தவர்கள் லீச் சகோதரிகளான மேரியும் மார்கரெற்றும். ஆண் வைத்தியரிடம் போகமாட்டோம் என்று பிரசவத்தில் உயிர்விட்ட பெண்கள் பலர். அந்தத் தேவையைக் கண்டுபிடித்ததும் தீர்த்ததும் பெண்களே.

பிற்பகலில் வண்ணார்பண்ணைக்குப் போங்கள். ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஊர். வெஸ்லியன் மிசனின் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலைசெய்தவர் அவர். பிறகு பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம் என்று மிசன் கையாண்ட அதே வழிகளிலேயே சைவத்துக்காக நின்றார். மிசனைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தை விட்டால் கதை ஒற்றைக்காலில் நிற்கும்.

சனி – நெடுந்தீவு

1832இல் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்தார்கள். தீவுகளுக்கு ஊழியர்களை அவர்களே அனுப்பினார்கள். கடல் கடந்து வேற்றிடத்தில் குடும்பத்தோடு இருந்து ஊழியம் செய்தவர்கள் அமெரிக்கர் மட்டுமல்ல என்பதற்கு நெடுந்தீவு சாட்சி.

நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்கு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். படகு நேரத்தை முதல் நாளே விசாரித்துவைக்க வேண்டும். சோளகக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், விட்டாலும் நனையாமல் போக முடியாது. கமராவையும் கைத்தொலைபேசியையும் பொலித்தீன் பையில் கட்டிவையுங்கள். ஏறும்போதே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அன்றிரவு தீவில்தான். அங்கே வேலிகள் முருகைக்கல்லால் ஆனவை, சாந்து இல்லாமல் அடுக்கியவை. திங்களன்று சங்கானையில் பார்த்த கல்தான். நல்ல தண்ணீர் அரிது, கொண்டுபோவதே புத்தி.

ஞாயிறு – உடுவில்

மருதனார்மடச் சந்தியில் இறங்கி மானிப்பாய் வீதியில் நடந்தால் உடுவில். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போவதே தேவாலயம் திறந்திருப்பதைப் பார்க்க நிச்சயமான வழி. மற்ற நாளில் பூட்டியிருக்கும், திறப்பு வைத்திருப்பவரைத் தேட வேண்டிவரும். ஆராதனை முடிந்தபின் போதகரிடம், "ஐயா, பழைய கல்லறைகளைப் பார்க்கலாமோ?" என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கல்வெட்டு வாசிக்க உச்சிவெயில் உதவாது. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது. காலைச் சாய்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ரோச் லைற்றைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், மங்கிய எழுத்தும் எழும்பிவரும். பாசியைக் கத்தியால் சுரண்டுவதும் சோக் கட்டியால் எழுத்தை நிரப்புவதும் வேண்டவே வேண்டாம். சுண்ணக்கல்லும் மாபிளும் மென்மையானவை, ஒருமுறை சுரண்டினால் எழுத்தின் விளிம்பு போய்விடும். மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும்.

உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை 1824இல் தொடங்கியவர் ஹரியட் வின்சுலோ. பெண்பிள்ளையைப் படிக்கவிடும் பெற்றோர் அப்போது மிகச் சிலர். படிப்பு முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பிள்ளைக்கு மிசன் ஒரு சிறு தொகையைச் சீதனமாகக் கொடுத்தது. விடுதியில் பெண்ணை விட்டுவைக்கும் பெற்றோரின் முதல் கவலைக்கு அது விடை. ஹரியட் 1833 ஜனவரியில் இங்கேயே இறந்தார். பிறகு வந்தவர்கள் லீவை ஸ்போல்டிங்கும் மேரி ஸ்போல்டிங்கும். 1820இல் யாழ்ப்பாணம் வந்த இவர்கள் 1873இலும் 1874இலும் அடுத்தடுத்துக் காலமானார்கள். 1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அதிபர். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். தாய்க்குப் படிப்பித்து, மகளுக்கும் படிப்பித்து, சில வீடுகளில் பேத்தி வரை கண்டவர்.

இவர்களைப் பற்றி மேலும் வாசிக்க விரும்புவோருக்கு, இவர்களை அனுப்பிய அமெரிக்கத் தாய்ச்சங்கம் வெளியிட்ட 'மிஷனரி ஹெரல்ட்' மாத இதழின் பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. இதழில் தேடும்போது இன்றைய ஊர்ப்பெயர் வேலைசெய்யாது. வட்டுக்கோட்டைக்கு 'பற்றிக்கோற்றா' (Batticotta), உடுவிலுக்கு 'ஊடூவில்' (Oodooville), தெல்லிப்பழைக்கு 'தில்லிப்பள்ளி' (Tillipally) என்று அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். இதழின் திகதியை நம்பாமல் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். ஐந்து மாதக் கப்பலும் அச்சுத் தாமதமும் சேர்ந்து, 1821இல் நடந்தது 1822 இதழில்தான் வரும்.

மனைவிமாரைத் தேடுவது இன்னும் சிக்கல். கணவன் பெயருக்கு முன் 'மிசிஸ்' என்று மட்டும் போட்டிருக்கும். 1821 வரை 'மிசிஸ் பூவர்' என்றால் சூசன். 1823க்குப் பிறகு அதே பெயரில் வருபவர் ஆன் நைற், நல்லூர் மிசனைச் சேர்ந்த ஜோசப் நைற்றின் சகோதரி. 'மிசிஸ் றிச்சட்ஸ்' கணவனை இழந்தபின் அதே ஜோசப் நைற்றை மணந்ததால் 'மிசிஸ் நைற்' ஆகிறார். வின்சுலோ, ஹச்சிங்ஸ், பெரி, செரி என்ற நான்கு குடும்பங்களின் மனைவிமார் கொனெக்ரிகட் நோர்விச்சைச் சேர்ந்த லாத்றொப் வீட்டுச் சகோதரிகள் நால்வர். இதழை மட்டும் வாசித்தால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதே தெரியாது. பெரியும் மனைவியும் 1837இல் வாந்திபேதியில் ஒன்றாகவே போனார்கள். ஆகவே முதலில் ஒவ்வொரு தம்பதிக்கும் திருமண வருடமும் இறப்பு வருடமும் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கல்லறைக்கும் இதழுக்கும் போக வேண்டும்.